கலோவிலிருந்து இன்லேக்கு நடந்து போவது எப்படி

தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் யாங்கோனில் ஷ்வேடகோன், அப்புறம் பகான், அதோடு பர்மா முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 1964-இல் நாங்கள் இங்கே பர்மாவிலேயே இருக்க, கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போன எங்கள் சின்னத் தாத்தாவின் பேரப்பிள்ளைகள் வந்தபோதும் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தார்கள். நான்தான் பிடிவாதமாக மூன்று நாளைப் பிடுங்கி, அவர்களை ஷான் மலைக்குக் கூட்டிப் போனேன். கலோ என்ற மலை ஊரில் கிளம்பி, பாவோ, டானு இன மக்களின் ஊர்களில் இரண்டு ராத்திரி தங்கி, மூன்றாம் நாள் மதியம் இன்லே ஏரிக்கரையில் இறங்கும் நடை அது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக என்னிடம் விவரம் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் பாதுகாப்பு. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்த நாட்டில் எந்தப் பாதை எப்போது திறந்திருக்கும் என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிறது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் இன்லே ஏரி ஊர்களில் நிறைய வீடுகள் சாய்ந்தன. ஆகவே பழைய பயணக் குறிப்புகளை நம்பி டிக்கெட் போடாதீர்கள். கலோவிலேயே குடியிருக்கும் ஒருவரிடம், போகிற அந்த வாரத்தில், "பாதை எப்படி இருக்கிறது, ராத்திரி தங்க விடுகிறார்களா" என்று நேராகக் கேளுங்கள். அவர் தயங்கினாலே பயணத்தைத் தள்ளிப் போட்டுவிடுங்கள். வடக்கே சீப்போ, சாவ்மே பக்கமும் மலை நடைக்குப் பெயர் போன இடங்கள்தான், ஆனால் 2016-இல் சாவ்மே அருகே கண்ணிவெடியில் இரண்டு ஜெர்மன் பயணிகள் காயப்பட்டார்கள், 2019 நவம்பரில் சீப்போ பக்கம் ஒரு ஜெர்மன் பயணி உயிரிழந்தார். அந்தப் பக்கம் இப்போது போகவே வேண்டாம். கலோ பாதையிலும் கைடு போகும் தடத்தை விட்டு விலகக் கூடாது, போட்டோவுக்காகக்கூட.

எத்தனை நாள் நடப்பது? ஒரு நாள் மட்டும் என்றால் கலோவைச் சுற்றியே போய் வரலாம். பெய்ன்னேபின் போன்ற பலாங் மக்களின் ஊர், தேயிலைச் சரிவு, நடுவில் மலை முகட்டில் நேபாளிக் குடும்பம் சுட்டுக் கொடுக்கும் சப்பாத்தி, சாயங்காலம் திரும்பி வந்து சொந்தக் கட்டிலில் தூக்கம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் இதுவே போதும். இரண்டு நாள் பயணம் என்றால் முதல் துண்டை வண்டியில் கடந்துவிட்டு நடுவழியில் நடக்கத் தொடங்குவார்கள், ஒரு ராத்திரி தங்கல். முழுப் பாதை மூன்று நாள், ஐம்பது அறுபது கிலோமீட்டர் வரும், ஒரு நாளைக்கு ஐந்திலிருந்து ஏழு மணி நேரம் நடை. கலோ கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 மீட்டர், இன்லே ஏரி 900 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. மொத்தத்தில் இறக்கம்தானே என்று சந்தோஷப்பட வேண்டாம், கடைசி நாளில் சுண்ணாம்புக் கல் பரவிய சரிவில் இறங்கும்போது முட்டி பேசும். பிடித்து இறங்க ஒரு கம்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கைடு மூங்கிலில் வெட்டிக் கொடுப்பார்.

எனக்கு நேரம் இருந்தால் மூன்று நாள்தான். முதல் ராத்திரி எல்லோருக்கும் கூச்சம், வீட்டுக்காரர்களுக்கும் நமக்கும். இரண்டாம் ராத்திரியில்தான் அடுப்பைச் சுற்றி உட்காரும் பழக்கமே வரும்.

மாதம் பார்த்துப் போங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பகலில் இதமான வெயில், ராத்திரியில் பல் கிட்டும் குளிர். நம் ஆட்கள் பர்மா என்றால் வெக்கை என்று நினைத்து ஒரு பருத்திச் சட்டையோடு வந்துவிடுகிறார்கள், அந்தத் தவறு வேண்டாம், கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டரும் கட்டாயம். அறுவடைக் காலத்தில் முற்றத்திலும் கூரையோரத்திலும் மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும், செம்மண்ணும் மிளகாயும் ஒரே நிறத்தில் கலந்து தெரியும். மார்ச், ஏப்ரலில் வெயிலும் புகையும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் அந்தச் செம்மண் சேறு செருப்பில் கிலோ கணக்கில் ஒட்டிக்கொண்டு வரும்.

யாங்கோனிலிருந்து கலோவுக்கு ராத்திரி பஸ் உண்டு, விமானம் என்றால் ஹேஹோ வரை. பழைய ரயிலும் இருக்கிறது, தாசியிலிருந்து மலையேறும் பாதை. செங்குத்தான இடத்தில் ரயில் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய் ஏறும். இந்த ரயில் வேலைக்கும் வெள்ளைக்காரன் காலத்து மலைநகர வேலைக்கும் வந்த இந்தியர், நேபாளிகளின் வம்சம் இன்னும் கலோவில் இருக்கிறது, கைடு தொழிலில் உள்ளவர்களிலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. நம் முகத்தைப் பார்த்ததும் டீக்கடையில் ஒருவர் ஹிந்தியில் பேச்சுக் கொடுப்பார், ஆச்சரியப்படாதீர்கள்.

கைடு பிடிப்பதுதான் இந்தப் பயணத்தின் பாதி. கலோவில் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கி, நேரில் உட்கார்ந்து பேசுங்கள். லைசென்ஸ் உள்ளவரா என்று கேளுங்கள். எத்தனை பேர் கூட்டம் என்று கேளுங்கள், ஆறு பேருக்கு மேல் என்றால் நான் போக மாட்டேன். ஒரு தடவை பேரம் பேசிக் குறைந்த விலைக்கு ஒத்துக்கொண்டு, காலையில் பார்த்தால் பதினான்கு பேர். ஒரு சின்ன வீட்டில் பதினான்கு பேரும் போய்ப் படுத்தோம். அந்த வீட்டு அம்மா இருட்டோடு எழுந்து எங்கள் எல்லோருக்கும் சமைத்தார், தம் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்குத் தூங்க அனுப்பிவிட்டு. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி, "நாங்கள் தங்கும் வீட்டுக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" நல்ல கைடு தயங்காமல் தொகையைச் சொல்லிவிடுவார். மழுப்பினால் எழுந்து அடுத்த கடைக்குப் போங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள், கைடு எந்த இனம், எந்த மொழி பேசுவார் என்று. டானு மக்கள் பேசுவது பர்மிய மொழியின் ஒரு வகை, அங்கே சமாளித்துவிடலாம். பாவோ மொழி கரேன் மொழிகளோடு சேர்ந்தது, பலாங் மொழி மொன் க்மேர் வகை. வயசானவர்கள் சிலருக்குப் பர்மிய மொழி தட்டுத்தடுமாறித்தான் வரும். பாவோ கைடு கூட வந்தால் அந்தப் பாட்டி நம்மிடம் நாலு வார்த்தை பேசுவார், இல்லாவிட்டால் சிரிப்போடு நின்றுவிடும்.

பேசிய தொகைக்குள் கைடு, சாப்பாடு, தங்கல், பெரிய பையை வண்டியில் இன்லே பக்கத்து ஊரான நியாங்ஷ்வே விடுதிக்கு அனுப்புவது, கடைசிப் படகு எல்லாம் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர்களிடம் இன்லே நுழைவுக் கட்டணம் தனியாக வாங்குவார்கள். பர்மியப் பணமான சியாட்டைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், டாலர் கொண்டுவந்தால் மடிப்போ கிழிசலோ இல்லாத புதுத் தாளாக இருக்கட்டும்.

முதுகில் போடும் பையில் அதிகம் வேண்டாம். டார்ச், மாற்று உடை ஒன்று, மழைச்சட்டை, பிளாஸ்திரி, குடிநீர் பாட்டில், ஒரு லுங்கி. லுங்கியை விட்டுவிடாதீர்கள், குளியல் என்பது வெளியே தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்வதுதான், ஆணானாலும் பெண்ணானாலும் லுங்கி கட்டிக்கொண்டுதான். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும், அதனால் வெயில் இருக்கும்போதே குளித்துவிடுங்கள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி இருக்கும். புது ஷூ வேண்டவே வேண்டாம். சென்னையில் அதற்காகவே வாங்கிய ஷூவோடு வந்த என் தம்பி முறைப் பையன் முதல் நாள் மதியமே குதிகாலில் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிட்டான், மீதி வழியை ரப்பர் செருப்பில்தான் நடந்தான். அங்கே ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அந்தச் செருப்பில்தான் மலை ஏறி இறங்குகிறார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், "தெத்-தத்-லுத்". உயிர் கொல்லாத சாப்பாடு என்று பொருள், பர்மியர் எல்லோருக்கும் புரியும். அதோடு நாப்பியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள், அந்த மீன் விழுதைச் சிலர் உப்பு மாதிரி நினைத்துப் போட்டுவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கீரை, பூசணி, உருளைக்கிழங்கு, கடலைமாவில் கிண்டும் ஷான் டோஃபு, இஞ்சியும் எள்ளும் தூவிய தேயிலைக் கலவை என்று தட்டு நிறைய வரும். சீனி போடாத பச்சைத் தேத்தண்ணீர் எந்நேரமும் அடுப்பருகே இருக்கும்.

நாங்கள் இரண்டாம் ராத்திரி தங்கியது ஒரு பாவோ வீட்டில். கீழே மாட்டுக்கும் மூட்டைகளுக்கும் இடம், மேலே மரப்பலகைத் தளம், நடுவில் மண் நிரப்பிய சட்டத்துக்குள் அடுப்பு. அந்த வீட்டுப் பாட்டி தனபெ இலையைக் கட்டிக்கொண்டிருந்தார். சுருட்டு சுற்றுவதற்கான இலை அது, சூட்டில் வைத்து அழுத்தி உலர்த்தி, அளவு பார்த்து அடுக்கி, இன்லே பக்கத்துச் சுருட்டுப் பட்டறைகளுக்குப் போகும். ஓரம் கிழிந்த இலையை விரல் தானாகவே ஒதுக்கியது, பாட்டி கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தலைத்துணி அவிழ்ந்தது, ஆரஞ்சுக் கட்டம் போட்ட டவல் மாதிரித் துணி. அதை இரண்டு சுற்றுச் சுற்றி முனையைச் செருகிக்கொண்டே பாவோ மொழியில் என்னவோ சொன்னார். கைடு விளக்கினார்: எங்கள் அப்பன் ஒரு சித்தன், அம்மா நாகம், இந்தத் தலைக்கட்டு அந்த நாகத்தின் தலை. நாகம் என்று கேட்டதும் எங்கள் அத்தை கையைக் கூப்பிவிட்டார். பாட்டிக்கு அது அப்படியே புரிந்துவிட்டது. அப்புறம் எந்த ஊர் என்று கேட்டார், நான் தெற்கே மொன் மாநிலத்துத் தாட்டன் பக்கம் என்றேன். "நாங்களும் தாட்டன்தான்" என்றார். பாவோ மக்கள் தங்கள் பூர்வீகம் தாட்டன் என்றுதான் சொல்வார்கள், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை. அவர் சொன்ன விதத்தில் ஏதோ போன மாதம் வீடு மாற்றி வந்தது போல இருந்தது.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாமும் இந்த நாட்டில் சிறுபான்மைதான். திருவிழாவில் அலகு குத்தி நிற்கும்போது முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம், அது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே அந்த வீட்டில் முதல் ஒரு மணி நேரம் போனை எடுக்காதீர்கள். உட்காருங்கள், கொடுத்ததைக் குடியுங்கள், இஞ்சி சுத்தம் செய்துகொண்டிருந்தால் நீங்களும் ஒரு பிடி எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். வீட்டு அம்மாவை "அமே" என்று கூப்பிடுங்கள், பர்மிய மொழியில் அம்மாவுக்கு அதுதான் சொல், நம் வாயில் தானாக வரும். நன்றி சொல்ல "சேசூ தின்பாடே". படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள், தலையசைப்பு வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் புத்தர் மாடம் இருக்கும், அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுக்கக் கூடாது. மடாலத்தில் தங்கினால் செருப்போடு காலுறையையும் கழற்ற வேண்டும், பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது, விடியற்காலை இருட்டிலேயே சின்னப் பையன்கள் பாடம் ஓதத் தொடங்கிவிடுவார்கள், அதற்கு முகம் சுளிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் கொடுக்காதீர்கள், அடுத்து வருகிறவர்களிடம் கை நீட்டப் பழகிவிடுவார்கள். கொடுக்க ஆசையாக இருந்தால் கைடிடம் கேட்டு, நோட்டுப் புத்தகங்களைப் பள்ளி ஆசிரியர் கையில் கொடுங்கள். அந்த வீட்டில் விற்பதற்கு இஞ்சியோ தேயிலையோ நெய்த பையோ இருந்தால் அங்கேயே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

மூன்றாம் நாள் ஏரிக்கரையில் படகு ஏறி நியாங்ஷ்வே போக ஒரு மணி நேரம் ஆகும். வழியில் ஏரியில் வாழும் இந்தா இன மக்களின் மிதக்கும் தக்காளித் தோட்டம், காலால் துடுப்பு வலிப்பவர்கள் எல்லாம் பார்க்கலாம். சில படகுக்காரர்கள் கழுத்து வளையம் போட்ட கயான் பெண்களை உட்கார வைத்திருக்கும் கடைக்குக் கூட்டிப் போவார்கள். எனக்கு அது பிடிக்காது, "அங்கே நிறுத்த வேண்டாம்" என்று ஏறும்போதே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பதில் அன்றைக்கு எந்த ஊரில் சந்தை என்று கேளுங்கள், ஐந்து நாளுக்கு ஒரு முறை ஊர் ஊராகச் சுற்றி வரும் சந்தை அது, மலையிலிருந்து பாவோ பெண்கள் மூட்டையோடு இறங்கி வருவார்கள்.

எடுத்த படங்களில் அந்த வீட்டுக்காரர்கள் இருப்பதை மட்டும் நாலைந்து பிரிண்ட் போட்டு, கலோ போகும் பஸ்ஸில் கைடுக்கு அனுப்பிவிடுங்கள். கவர் மேல் ஊர்ப் பெயரையும் வீட்டு அம்மா பெயரையும் பர்மிய எழுத்தில் எழுத வேண்டும், கிளம்பும் முன்னாலேயே கைடிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தோடு அந்த ஊருக்குப் போகும்போது அவர் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.