மலைப் பள்ளியில் ‘நான் யார்?’ பயிற்சி: இருபது வரியிலிருந்து மூன்று தலைமுறை வரை

நீலகிரியின் மேல்நிலைப் பள்ளி வகுப்பில் படகர் வீட்டுப் பிள்ளை, தேயிலைத் தோட்ட லைன் வீட்டுப் பிள்ளை, இருளர் வீட்டுப் பிள்ளை, ஊட்டி மார்க்கெட் கடைக்காரர் பிள்ளை எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கூடலூர்ப் பக்கம் என்றால் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளையும் இருக்கும். இப்படி ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு சமூகமயமாதல் (சமூகத்தில் ஒருவராக வாழக் கற்றுக்கொள்வது) பாடத்தைக் கரும்பலகையில் வரையறை எழுதி முடித்துவிடுவது பெரிய இழப்பு. ஒருவர் தன்னை யார் என்று சொல்கிறார், அதை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், எந்த இடத்தில் அதைச் சொல்லாமல் விடுகிறார் என்ற மூன்றையும் பிள்ளைகளே தேடிப் பார்க்கும் பயிற்சியின் செய்முறை இது. 11, 12ஆம் வகுப்புகளுக்கும் கல்லூரி முதலாண்டுக்கும் பொருந்தும்.

16 முதல் 24 பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு குழுவாக்குங்கள். 45 நிமிடம் கொண்ட நான்கு அமர்வுகள், நடுவில் வீட்டில் பேசிவர ஒரு வாரம். ஒவ்வொருவருக்கும் கோடு போட்ட தாள் நான்கு, வகுப்புக்குச் சார்ட் தாள் மூன்று. காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மழை ஓய்ந்து கொழுந்து மிகும் வாரங்களில் தோட்டத்து அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் பேச நேரம் கிடைக்காது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் கொழுந்து குறையும், வீட்டில் பேச்சும் நீளும். ஆனால் படகர்களின் ஹெத்தை அம்மன் திருவிழாவும் கோத்தர்களின் பெரிய திருவிழாவும் அதையொட்டியே வரும். அந்த நாட்களில் வருகை குறையும் என்பதால் தேதியை முன்பே விசாரித்து வையுங்கள்.

முதல் அமர்வு: இருபது வரி

மேன்ஃபர்ட் குன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1954இல் வெளியிட்ட முறை இது. ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு 20 பதில்கள், 12 நிமிடத்தில். தாளில் பெயர் வேண்டாம், தனக்கு மட்டும் தெரிந்த ஓர் எண் போதும். ஒவ்வொரு வரியும் ‘நான்’ என்றோ ‘எனக்கு’ என்றோ தொடங்கட்டும். எந்த மொழியிலும் எழுதலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். படகத்தையோ மலையாளத்தையோ தமிழ் எழுத்தில் எழுதினால் போதும். வீட்டுப் பேச்சில் வரும் பதில் பாடப்புத்தகத் தமிழில் வராமலே போகலாம்.

உதாரணம் எதையும் சொல்லாதீர்கள். ஆசிரியர் வாயிலிருந்து ‘நான் ஒரு மாணவி’ என்று வந்துவிட்டால் பாதி வகுப்பின் முதல் வரி அதுவாகிவிடும். எட்டு, பத்து வரியில் பேனா நிற்கும். அப்போது “மனதில் வருவதை எழுதுங்கள், சரி தவறு இல்லை” என்று மட்டும் சொல்லுங்கள். திணறி எழுதும் அந்தப் பின்வரிகளில்தான் தன் குணம், தன் பயம், தன் ஆசை பற்றிய பதில்கள் வரத் தொடங்கும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொருவரும் தம் வரிகளுக்குத் தாமே குறி போடட்டும். யாரும் பார்த்துச் சொல்லக்கூடிய இடம், உறவு, குழு என்றால் ‘கு’: நான் அக்கா, நான் கோத்தகிரிக்காரன், நான் பன்னிரண்டாம் வகுப்பு. சொல்பவர் விளக்கினால்தான் புரியும் என்றால் ‘த’: எனக்குச் சட்டென்று கோபம் வரும், நான் அமைதியானவள். ‘நான் நன்றாகப் பாடுவேன்’ என்பது த. ‘நான் சர்ச் பாடகர் குழுவில் இருக்கிறேன்’ என்பது கு. குழு சார்ந்த பதில்கள் முதலில் வந்து, அவை தீர்ந்த பிறகே மற்றவை வரும் போக்கை அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். உங்கள் வகுப்பிலும் அப்படி வருகிறதா என்று எண்ணிப் பார்க்கலாம். கு அதிகம் இருந்தால் நல்லது, த அதிகம் இருந்தால் தன்னம்பிக்கை என்றெல்லாம் மதிப்பெண் போடாதீர்கள். இது ஆளுமைத் தேர்வு இல்லை.

எழுதாமல் விட்டதையும் கேளுங்கள். எல்லாரும் ஒரே மொழி பேசும் ஊரில் ‘நான் தமிழ் பேசுகிறவன்’ என்று எழுதத் தோன்றாது. மலையாளமும் பேசப்படும் பந்தலூரில் தோன்றும். சுற்றியிருப்பவர்களிடமிருந்து எதில் வேறுபடுகிறோமோ அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது என்று உளவியலாளர் வில்லியம் மெக்குவயர் 1970களில் காட்டினார். ஊட்டியில் ‘நான் படகர்’ என்பதை விட்டுவிட்ட பையன் கோயம்புத்தூர் விடுதியில் அதையே முதல் வரியாக எழுதக்கூடும்.

இரண்டாம் அமர்வு: எங்கிருந்து வந்தது

தம் இருபது வரியில் ஐந்தை மட்டும் ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கட்டும். எந்த ஐந்து என்பது அவர்கள் விருப்பம், ஆசிரியர் தலையிடக் கூடாது. தாளை நான்கு பத்தியாக மடித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிரப்ப வேண்டும்: யார் கற்றுக்கொடுத்தது, எப்படி (சொல்லியா, திட்டியா, பாராட்டியா, பார்த்துப் பழகியா, சடங்கிலா), ஏறத்தாழ எந்த வயதில், எந்த இடத்தில் இதைச் சொல்லத் தயங்குவேன்.

முதல் பத்தியில் ‘அம்மா’, ‘அப்பா’ மட்டுமே நிரம்பினால் பயிற்சி பாதியில் நிற்கிறது என்று பொருள். குழந்தைகள் காப்பகம், அங்கன்வாடி, பள்ளி, விடுதி, விளையாட்டுக் கூட்டாளிகள், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், கைபேசி, வேலையிடம் என்று ஒரு பட்டியலைப் பலகையில் எழுதிப் போடுங்கள். தோட்டங்களில் காப்பகத்தை மறக்கக் கூடாது. 50 அல்லது அதற்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருக்கும் தோட்டத்தில் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்தது. அம்மா கொழுந்து பறிக்கும் பொழுதில், ஆறு வயதுக்குள், வேறு வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்து எழுந்த குழந்தைக்கு ‘நாங்கள்’ என்பது வீட்டைத் தாண்டிய ஒன்றாக அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இந்த அட்டவணை முடிந்த பிறகே கோட்பாட்டைச் சொல்லுங்கள். முன்னால் சொன்னால் பிள்ளைகள் கோட்பாட்டுக்கு ஏற்றபடி பதில் எழுதுவார்கள். பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்வதிலிருந்தே நம்மைப் பற்றிய எண்ணம் உருவாகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் கூலி 1902இல் எழுதியது நான்காம் பத்தியை விளக்கும். பிறர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தே குழந்தை தன்னை அறிகிறது என்ற ஜார்ஜ் ஹெர்பர்ட் மீடின் கருத்தை விளக்க விளையாட்டு போதும். முதுகில் பையைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பதாக விளையாடும் மூன்று வயதுக் குழந்தை ஒரே ஓர் ஆளின் இடத்தில் நிற்கிறது. கபடி ஆடும் பத்து வயதுப் பையன் இரண்டு அணியில் உள்ள அத்தனை பேரின் இடத்தையும் மனதில் வைத்தே அசைய வேண்டும். அதுவே வளர்ந்து ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற கணக்காகிறது.

இந்த அமர்வு கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். பண்பாடு என்றதும் வகுப்பு முழுக்கத் தோடர் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறும் நீலகிரியில் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் சுற்றுலாப் பயணிகளின் கேமராவுக்கு முன் நின்று ஏற்கெனவே சலித்திருப்பார்கள். “உங்கள் வழக்கத்தைச் சொல்லு” என்று ஆசிரியர் ஒருபோதும் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தக் கூடாது. மறுபக்கம், டவுன் பிள்ளைகள் “எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை சார்” என்பார்கள். அவர்களிடம் இரவுச் சாப்பாட்டைக் கேளுங்கள். யார் முதலில் சாப்பிடுகிறார்? தண்ணீர் எடுக்க யார் எழுந்திருக்கிறார்? அண்ணனை ‘வா’ என்கிறாயா, ‘வாங்க’ என்கிறாயா? தங்கையை யார் எப்படி அழைக்கிறார்கள்? படகர் வீட்டில் இளையவர் தலை குனிய, பெரியவர் தலைமேல் கைவைத்து வாழ்த்துவது எப்படி ஒரு வழக்கமோ, கடைக்கார அப்பாவுக்கு முன் கால்மேல் கால் போடாமல் உட்காருவதும் அப்படியே ஒரு வழக்கம்.

வீட்டில் ஒரு வாரம்: மூன்று தலைமுறை

பாட்டி அல்லது தாத்தா, அம்மா அல்லது அப்பா, தான் என்று மூவரிடமும் ஒரே கேள்விகள். ஒருவருக்கு 30, 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ‘நம் பண்பாடு என்ன?’ என்று கேட்டால் மேடைப் பேச்சு கிடைக்கும். கையால் தொடக்கூடிய பொருளையும் நடந்த செயலையும் கேளுங்கள்:

வீட்டில் உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்?
எந்த மொழியில் திட்டு வாங்கினீர்கள்?
என்ன செய்தால் அடி விழும்?
முதல் கூலி எவ்வளவு, அதை யார் கையில் கொடுத்தீர்கள்?
வயதுக்கு வந்த பிறகு எது தடைபட்டது? (பையன்களுக்கு: எது அனுமதிக்கப்பட்டது?)
வெளியாட்கள் நம்மை என்ன பெயர் சொன்னார்கள், அதில் பிடிக்காதது எது?
எந்த ஊரை உங்கள் ஊர் என்பீர்கள்?

கடைசி இரண்டு கேள்விகளுக்குத்தான் இந்த மலையில் கனமான பதில்கள் வரும். 1964இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தப்படி இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரையும் அவர்களுக்குப் பின் பிறக்கும் பிள்ளைகளையும் இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஆனது. தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் நீலகிரியில் தொடங்கி, 1976இல் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகமானது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்த ஒரு பாட்டியை இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவு செய்தார்கள். இங்கே வந்ததும் அக்கம்பக்கத்தார் ‘சிலோன்காரர்’ என்றார்கள். ஆள் ஒருவர், சோறு அதே சோறு, மாரியம்மன் அதே மாரியம்மன்; பெயர் மட்டும் சுற்றி நிற்பவர்களைப் பொறுத்து மாறியது. சமூக அடையாளத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து ஒட்டப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. படகர்களும் இதை வேறு வழியில் அறிவார்கள். வீட்டில் பேசுவது படகம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப் பட்டியலில் அது கன்னடத்தின் கீழ் சேர்க்கப்படுகிறது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கை நீண்ட காலமாக இருக்கிறது. அரசின் பட்டியலும் சான்றிதழும்கூட ஒருவருக்கு அவர் யார் என்று கற்றுக்கொடுக்கின்றன என்பதைப் பிள்ளைகள் இங்கே பிடித்துக்கொள்வார்கள்.

இலங்கை பற்றிக் கேட்கும்போது பாட்டி அழுதால் பேட்டி அங்கே நிற்க வேண்டும். மிச்சக் கேள்விகளை முடிக்கச் சொல்லிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். கைபேசியில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும், குறிப்பெடுத்ததும் பதிவை அழித்துவிட வேண்டும். அம்மா, அப்பா திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டதால் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு தலைமுறை போதும். உண்டு உறைவிடப் பள்ளியில் தங்குபவர்கள் விடுதிச் சமையலக்காவிடமோ மூத்த மாணவரிடமோ பேசிவரலாம். அதுவும் அவர்களை வளர்க்கும் இடம்தான்.

மூன்றாம் அமர்வு: சிவப்பும் பச்சையும்

தொகுப்புக்கு முன் ஒரு சிறு சோதனை. உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்களை அற்பமான காரணத்துக்காக இரு குழுவாகப் பிரித்தார். ஒருவரை ஒருவர் அறியாமலே, தமக்கு ஆதாயம் ஏதும் இல்லாமலே, அவர்கள் தம் குழுவுக்குக் கூடுதல் புள்ளி கொடுத்தார்கள். எளிமையாக இப்படிச் செய்யலாம்: சிவப்பு, பச்சைச் சீட்டுகளைக் குலுக்கிக் கொடுங்கள். ஒவ்வொருவரும் பெயர் தெரியாத ஒரு சிவப்புக்காரருக்கும் ஒரு பச்சைக்காரருக்கும் 10 புள்ளியைப் பிரித்துத் தாளில் எழுதட்டும். கூட்டிப் பாருங்கள். ஆட்கள் குறைவு என்பதால் முடிவு கலங்கலாகவும் வரலாம். அப்படி வந்தால் வந்ததை அப்படியே சொல்லுங்கள், எண்ணைத் திருத்தாதீர்கள். உண்மையான எந்தப் பிரிவையும், ஹட்டி (படகர் ஊர்), லைன், ஆண், பெண் எதையும், இதற்குப் பயன்படுத்தக் கூடாது. மணி அடிப்பதற்குள் சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள். இடைவேளையில் அதை வைத்துச் சண்டை வரும்.

இதோடு மலையின் பழைய கொடுக்கல் வாங்கலை இணைத்துப் பேசுங்கள். தோடர் நெய்யும், கோத்தர் கருவியும் மண்பாண்டமும் இசையும், படகர் தானியமும், குறும்பர் காட்டுப் பொருளும் கொடுத்து வாங்கினார்கள். ஒவ்வொருவரின் அடையாளமும் மற்ற மூவருக்கு என்ன தருகிறோம் என்பதோடு பிணைந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சந்தையும் தோட்டமும் பெருக அந்தப் பிணைப்பு தளர்ந்தது. அது சமமான உறவாக இருந்ததா என்ற கேள்வியையும் மறைக்காமல் வையுங்கள். ஏற்றத்தாழ்வு அதற்குள் இருந்தது.

நான்காம் அமர்வு: தொகுப்பு

சார்ட் ஒன்றில் மூன்று பத்தி: மூன்று தலைமுறைக்கும் மாறாதவை, ஒரு தலைமுறையில் நின்றவை, ஆள் மாறிக் கற்றவை. மூன்றாவதுதான் பலன் தரும். சமையலைப் பாட்டி அம்மாவிடம் கற்றார், பேத்தி யூடியூபில் கற்கிறாள். பெயர் தெரியாவிட்டாலும் பதிலை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பதால், வகுப்பில் ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள எந்தச் சமூகத்தின் பதிலையும் தனியாகச் சார்ட்டில் ஏற்றாதீர்கள். பொதுப் பதிலோடு சேர்த்துவிடுங்கள். பட்டப்பெயர்களை எழுதிப் போடவே வேண்டாம்.

தாள்கள் அனைத்தையும் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுங்கள். பள்ளிக் கோப்பில் வைக்கவோ கண்காட்சியில் ஒட்டவோ கூடாது. இருபது வரித் தாளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி, ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் அதே 12 நிமிடத்தில் மறுபடி எழுத வையுங்கள். எந்த வரி மேலே ஏறியது, எது காணாமல் போனது என்று அவரவரே ஒப்பிட்டுக்கொள்ளட்டும். விரும்புகிறவர் மட்டும் ஒரு மாற்றத்தையும் அதற்குக் காரணமான இடத்தையும் சொன்னால் போதும்.