சோபோட் கடற்கரை: நானும் செய்த தவறுகள்

போலந்தின் பால்டிக் கடலோர நகரமான க்தான்ஸ்கில் குடியிருப்பதால், கோடை வந்தாலே வீட்டில் விருந்தாளிகள்தான். எல்லோரும் பக்கத்தில் இருக்கும் சோபோட்டுக்குப் போகிறார்கள். நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

ஹெல்லுக்குக் காரில் போவது

வானம் தெளிவாக இருந்தால் கடலுக்குள் கட்டிய சோபோட் மரப்பாலத்தின் நுனியிலிருந்து, விரிகுடாவுக்கு அப்பால் ஒரு கோடு தெரியும். அதுதான் ஹெல். சுமார் 35 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் நீளும் மணல்திட்டு. சில இடங்களில் அகலம் சில நூறு மீட்டர்தான். அதில் ஒரு சாலை, ஒரு ரயில் பாதை, அவ்வளவே. ஜூலை சனிக்கிழமையில் பாதி போலந்து அந்தச் சாலையில் நிற்கும்.

முதல் கோடையில் மாமா குடும்பத்தை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வ்வாடிஸ்வாவோவோ (திட்டு இங்கேதான் தொடங்குகிறது, பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை) தாண்டியதும் கார் நின்றது. ஐஸ்கிரீமோடு சைக்கிளில் எங்களைக் கடந்து போன ஒரு சிறுமி, தின்று முடித்துத் திரும்பி வந்தாள். நாங்கள் அதே பைன் மரத்தடியில் இருந்தோம். திரும்பும்போதும் அதே கதை. மாமாவின் மாலை விமானம் போயே போய்விட்டது. நான்கு டிக்கெட், புதிதாக. அத்தை இன்றும் சொல்லிக்காட்டுவார்.

போன வாரம் ஒரு நண்பன், "மேப்புல ஒன்றரை மணி நேரம்தான் காட்டுதுடா" என்றான். காலை ஆறு மணிக்கு அப்படித்தான் காட்டும்! பக்கத்து நகரமான க்டினியாவிலிருந்து ரயில் இருக்கிறது, கோடையில் படகும் உண்டு. ஆனால் காற்று பலத்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் திரும்புவதற்கு ரயில் நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலைப் பார்த்துக் குதிப்பது

ஹெல்லின் வெளிப்பக்கக் கடலில், கிழக்குக் காற்று இரண்டு மூன்று நாள் அடித்தால் மேலே இருக்கும் சூடான நீர் கரையை விட்டு விலகிப் போகும். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறும். வெயில் மண்டையைப் பிளக்கும், கால் மரத்துப்போகும். அப்போது சாலையைக் கடந்து திட்டின் உள்பக்கம், புட்ஸ்க் விரிகுடாவுக்குப் போய்விடுங்கள். அங்கே ஆழம் குறைவு, நீர் வெதுவெதுப்பு. எந்தப் பக்கமானாலும் வாயில் பட்டால் நம்மூர்க் கடல் போலக் கரிக்காது. லிட்டருக்கு ஏழு கிராம் உப்புதான்.

"அலையே இல்லையே" என்பது

கடற்கரையில் வெள்ளைக் கொடி என்றால் குளிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. கடல் குளம்போலக் கிடக்கும்போதும் சிவப்புக் கொடி பறக்கலாம்: நஞ்சாகக்கூடிய நீலப்பச்சைப் பாசி. பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் மிதக்கும். குழந்தைகளைக் கால்கூட நனைக்க விடாதீர்கள்.

மரப்பாலம்

கோடையில் கட்டணம் உண்டு. 511 மீட்டர் நீளம், கொடுக்கலாம்.

ஆம்பர்

ஆம்பர் (கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்) வாங்கினால், கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுக் காட்டக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அசல் மிதக்கும். அத்தை வாங்கிய மாலை மூழ்கியது.