ஸ்கூட்டரில் பெட்ரோல் முள் வேலை செய்யவில்லையா? பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை

முள் அசையவில்லை என்றதும் பலர் முதலில் மாற்றுவது மீட்டரைத்தான். அவசரப்படாதீர்கள். உரசி உரசித் தேயும் பாகம் மீட்டரில் இல்லை, டேங்குக்குள் இருக்கிறது. அங்கே ஒரு கம்பியின் நுனியில் மிதவை இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய மிதவை இறங்கும். கம்பியின் மறுமுனையில் உள்ள சின்னத் தகடு, மின்தடைப் பட்டை ஒன்றின் மேல் வழுக்கிச் செல்லும். மாறும் அந்தத் தடையைத்தான் மீட்டர் முள்ளாகவோ கட்டங்களாகவோ காட்டுகிறது. இந்த மிதவை அமைப்பின் பெயர் ஃபூயல் சென்சார்.

தேவையானவை: மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், 8, 10 எம்எம் ஸ்பேனர்கள், இரு முனையும் சீவிய ஒரு சாண் வயர், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே.

1. வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் சரியான மீட்டரும் தவறாகக் காட்டும். சாவியைப் போட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். குலுங்கும்போது முள் ஆடாமல் இருக்க, பல மீட்டர்கள் வேண்டுமென்றே மெதுவாக நகரும். இண்டிகேட்டர், ஹாரன் எதுவுமே வேலை செய்யவில்லை என்றால் ஃப்யூஸையும் பேட்டரியையும் முதலில் பாருங்கள்.

2. சீட்டுக்கு அடியிலோ கால் வைக்கும் பலகைக்கு அடியிலோ டேங்க் இருக்கும். அதன் மேலிருந்து வரும் சென்சார் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்) கழற்றுங்கள். பின்களில் பச்சையாகப் பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு, மறுபடி மாட்டிப் பாருங்கள். மழையில் நனையும் வண்டிகளில் பழுது இதோடு தீர்ந்துவிடுவதும் உண்டு.

3. தீரவில்லையா? இனிதான் முக்கியமான சோதனை. சாவியை அணையுங்கள். டேங்க் மூடி மூடியே இருக்கட்டும். கழற்றிய கப்ளரில் மீட்டர் பக்கம் போகும் இரண்டு பின்களையும் அந்த வயரால் இணைத்து, பிறகு சாவியைப் போடுங்கள். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் மீட்டரும் வயரிங்கும் நன்றாக இருக்கின்றன, பழுது சென்சாரில். எந்தத் திசையில் போகிறது என்பது மாடலைப் பொறுத்தது. போகிறதா என்பதே கேள்வி. பார்த்ததும் சாவியை அணைத்துவிடுங்கள்.

இது இரண்டு வயர் சென்சாருக்கு மட்டுமே. கப்ளரில் மூன்று அல்லது அதற்கு மேல் வயர் இருந்தால் இப்படி இணைக்கவே கூடாது. எஃப்ஐ (ஃபூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் பெட்ரோல் பம்புக்குப் போகும் 12 வோல்ட் வயரும் அதே கப்ளரில் இருக்கலாம். தவறிச் சேர்த்தால் ஃப்யூஸ் போகும், வயர் கருகும். அவற்றுக்கு வயரிங் வரைபடம் கையில் இருக்க வேண்டும்.

4. முள் அசையவே இல்லை என்றால் எர்த்தை (பேட்டரி நெகட்டிவோடு சேரும் இணைப்பு) சோதியுங்கள். சாவி அணைந்த நிலையில், பேட்டரி நெகட்டிவுக்கும் கப்ளரின் எர்த் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் 1 ஓமுக்கு மேல் காட்டக்கூடாது. எர்த் சரி என்றால் மற்ற வயரை மீட்டர் வரை தொடர்ந்து பாருங்கள். ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயர் உள்ளே முறிந்திருக்கலாம், வெளியே உறை முழுசாகத் தெரியும். வயரும் நன்றாக இருந்து, மீட்டருக்கு 12 வோல்ட்டும் வந்தால், அப்போது மீட்டரை மாற்றலாம்.

5. சென்சாரைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, காற்றோட்டமான இடத்தில், நெருப்பும் சூடான இன்ஜினும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி தூரத்துத் தீயையும் தொட்டுவிடும். பம்போடு சேர்ந்த சென்சார் என்றால் லைனில் அழுத்தம் இருக்கும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே போல்ட்டுகளைக் கழற்றி, கம்பி வளையாமல் சாய்த்து வெளியே எடுங்கள்.

6. டேங்கை ஒரு துணியால் மூடிவிட்டு, சென்சாரைத் தள்ளி எடுத்துப்போய் மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து இரண்டு பின்களிலும் மாட்டுங்கள். மிதவையை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். எண் படிப்படியாக ஏறி இறங்க வேண்டும். நடுவில் அறுந்து தாவினால் பட்டையில் அழுக்கு அல்லது தேய்மானம். அழுக்குக்குக் கிளீனரும் மென்மையான துணியும் போதும். உப்புத்தாள் பட்டையையே அழித்துவிடும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டையாகி மூழ்கிவிட்டது. டேங்க் நிறைந்திருந்தும் காலி என்று காட்டியது அதனால்தான். மாற்றத்தான் வேண்டும்.

7. திரும்ப மாட்டும்போது புது கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் வளையம்) போடுங்கள். பழையது பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும். அம்புக்குறி இருந்தால் அதே திசையில் வையுங்கள், இல்லாவிட்டால் மிதவை டேங்க் சுவரில் இடிக்கும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பேட்டரியை இணைத்து, 1 லிட்டர் ஊற்றி, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த லிட்டருக்கும் அப்படியே. டேங்க் நிறைந்ததும் சென்சாரைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் கேஸ்கட் சரியாக உட்காரவில்லை, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி கழற்றி மாட்டுங்கள்.