டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு டயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முந்தின நாள் மதியம் வேலூரிலிருந்து கிளம்பினோம். பிக்கப்பில் சீரியல் லைட், இரும்புக் கம்பங்கள். பின்னால் ஜெனரேட்டர் டிரெய்லர். பள்ளிகொண்டா அருகே பின்பக்க இடது டயர் வெடித்தது. ஐம்பதுக்குள் போனதால் வண்டி கவிழவில்லை. டயரைக் கழற்றிப் பார்த்தேன். பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் கட்டை, அப்படியே இருந்தது, வாங்கி ஏழு மாதம்தான். உள்ளே கைவிட்டுத் தடவினால் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) முழுக்க ரப்பர் பொடியாக உதிர்ந்தது. டயர் மட்டமில்லை, நான் தேர்ந்தெடுத்த விதம்தான் தப்பு.

கடையில் நாம் கேட்பது சைஸ், பிறகு விலை. நானும் “215/75 ஆர் 15 இருக்காண்ணே?” என்றுதான் கேட்டேன். அதே சைஸில் ஜீப், காருக்கான டயரும் வருகிறது, லோடு வண்டிக்கான எல்.டி (லைட் டிரக்) டயரும் வருகிறது. வித்தியாசம் சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எண்ணில். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 106 என்றால் 950, 112 என்றால் 1,120. 106/103 என்று இரண்டு எண் இருந்தால் முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது ஜோடிச் சக்கரத்துக்கு. நான் வாங்கியது 100. ஓட்ட மெத்தென்று இருந்தது, விலையும் குறைவு.

அடுத்த தப்பு, டிரெய்லரின் எடையை டிரெய்லரின் சக்கரங்களே சுமக்கின்றன என்று நினைப்பது. ஒன்றரை டன் டிரெய்லர் கொக்கியில் 150 முதல் 225 கிலோ வரை அழுத்தும். கொக்கி பின் ஆக்சிலுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அது நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். இரண்டு ஆக்சிலுக்கும் இடைவெளி 3 மீட்டர், கொக்கி 1.2 மீட்டர் தள்ளி என்றால், 200 கிலோ அழுத்தம் பின் ஆக்சிலில் 280 கிலோவாக இறங்கும். முன்பக்கம் 80 கிலோ லேசாகும், ஸ்டியரிங் பிடி தளரும்.

அதனால் மனக்கணக்கு வேண்டாம். முழு லோடோடு, டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு எடை மேடைக்குப் போங்கள். பிக்கப்பின் பின்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கட்டும். என் வண்டிக்கு 1,840 கிலோ காட்டியது. டயருக்கு 920. 800 தாங்குவதை மாட்டி ஏழு மாதம் ஓட்டியிருக்கிறேன்! 106 போட்டாலும் மயிரிழைதான், கொஞ்சம் மிச்சம் வைத்து வாங்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: டயரை மாற்றினால் ஆக்சிலின் தாங்குசக்தி அதிகமாகிவிடாது. கம்பெனி சொன்ன எடைக்கு மேல் போனால் லோடைத்தான் குறைக்க வேண்டும்.

சரியான எல்.டி டயர் வாங்கிவிட்டு, பழைய டயருக்கு அடித்த அளவே காற்று அடிப்பவர்களும் உண்டு. காற்றுதான் எடையைத் தாங்குகிறது. குறைந்த காற்றில் சைடுவால் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். சித்திரை, வைகாசி வெயிலில் நம்ம ஊர்த் தார் ரோடு வேறு கொதிக்கும். காற்றைக் காலையில், வண்டி கிளம்பும் முன் பாருங்கள். ஓடிய பிறகு நான்கைந்து பாயிண்ட் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

ஜவ்வாது மலைப் பக்கம் மண் ரோட்டில் போகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரிய பட்டன் டயர் தேவையில்லை. டிரெய்லர் இழுக்கும்போது உயரமான பட்டன் நெளியும், வண்டி ஆடுவது போலிருக்கும். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் போடவே கூடாது.

டிரெய்லர் டயரைப் பட்டன் பார்த்து எடை போடாதீர்கள். சீசன் இல்லாத மாதமெல்லாம் புளியமரத்தடியில் நிற்கிற வண்டி அது. பட்டன் தேயாது, ரப்பர் செத்துவிடும். சைடுவாலில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரித்தது. ஐந்தாறு வருடம் ஆகி, மயிர்போல வெடிப்பும் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். புது டயர் வாங்கும்போதும் இந்த இலக்கத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டெப்னியும் மற்ற டயர்களின் அதே எடை எண்ணில் இருக்க வேண்டும். அன்று பள்ளிகொண்டாவில் நான் மாட்டிய ஸ்டெப்னியிலும் 100தான் இருந்தது. கம்பங்களை எல்லாம் இறக்கி வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, ஜெனரேட்டரை மட்டும் முப்பதில் இழுத்துக்கொண்டு குடியாத்தம் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.