அசகுசாவில் சறுக்கும் இடங்கள்

டோக்கியோவின் அசகுசாவுக்குச் சென்சோஜி கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் முதல் தவறைக் கோயில் வாசலை மிதிக்கும் முன்பே செய்துவிடுகிறார்கள். ஜப்பான் ரயில்வேயின் (ஜேஆர்) ரயில் அங்கே போகாது. ஜேஆர் பாஸை நம்பிக் கிளம்பினால் உவேனோவில் இறங்கி, கின்சா சுரங்க ரயிலுக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம்தான். சுகுபா எக்ஸ்பிரஸ் தடத்திலும் அசகுசா என்றே ஒரு நிலையம் உண்டு. அது கோயிலுக்கு மேற்கே இருக்கிறது, அதே பெயருள்ள மற்ற நிலையங்கள் கிழக்கே ஆற்றோரம். அதனால் யாரையாவது சந்திப்பதென்றால் "அசகுசா ஸ்டேஷனில்" என்று சொல்லாதீர்கள். பெரிய சிவப்பு விளக்கு தொங்கும் கமினாரிமோன் வாசலைச் சொல்லுங்கள்.

அடுத்தது நேரம். சென்சோஜி கோயிலின் பிரதான மண்டபம் காலை 6 மணிக்குத் திறக்கும் (அக்டோபர் முதல் மார்ச் வரை 6:30), மாலை 5 மணிக்குச் சாத்திவிடுவார்கள். கமினாரிமோன் வாசலிலிருந்து கோயிலுக்குப் போகும் நகமிசே தெருக் கடைகள் திறக்க 9, 10 மணி ஆகும். எல்லாரும் 11 மணிக்கு வந்து ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நகர்வார்கள். ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். கடைகள் மூடியிருப்பதும் லாபமே: ஷட்டர்களில் வரைந்திருக்கும் பழைய அசகுசா ஓவியங்கள் அப்போதுதான் கண்ணில் படும். கும்பிட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு, பத்து மணிக்குக் கடைத்தெருவுக்குத் திரும்பலாம்.

மண்டபப் படியேறும்போது நம்மவர்களின் கை தானாகச் செருப்பைக் கழற்றப் போகும். வேண்டாம். உண்டியல் இருக்கும் வெளிப்பகுதி வரை காலணியோடுதான் போகிறார்கள், தாதாமிப் பாய் விரித்த உள்பகுதிக்கு மட்டுமே கழற்ற வேண்டும். மூலவரைத் தேடி எட்டிப் பார்த்தும் பயனில்லை. 628-இல் சுமிதா ஆற்றில் மீனவர் வலையில் சிக்கியதாகச் சொல்லப்படும் அந்தக் கன்னோன் சிலையை யாருக்கும் காட்டுவதில்லை. கன்னோன் வேறு யாருமல்ல, நம் பழைய நூல்களில் வரும் போதிசத்துவர் அவலோகிதர்தான்.

இங்கே கைதட்டக் கூடாது. இது பௌத்தக் கோயில், கைகூப்பித் தலை வணங்கினால் போதும். வலப்பக்கம் இருக்கும் அசகுசா ஆலயம் ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோ மரபு. அங்கே இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை தட்டி, மறுபடி ஒரு முறை வணங்க வேண்டும். பிரதான மண்டபம் 1945 குண்டுவீச்சில் எரிந்து 1958-இல் மீண்டும் கட்டியது. கூட்டம் எட்டிப் பார்க்காத அசகுசா ஆலயமோ 1649-இல் கட்டியபடியே நிற்கிறது.

குறிச்சீட்டு எடுப்பதில்தான் தடுமாற்றம் அதிகம். 100 யென் போட்டு, உலோகக் குடுவையைக் குலுக்கிக் கவிழ்த்தால் ஓட்டை வழியே ஒரு குச்சி வரும். அதில் எண் சீன எழுத்தில் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்றுக்கு அத்தனை படுக்கைக் கோடுகள்; பத்துக்குக் கூட்டல் குறி. கூட்டலுக்கு மேலே இரண்டு கோடு என்றால் இருபது, கீழே என்றால் பன்னிரண்டு. இதை மாற்றிப் படித்து வேறு யாருடைய விதியையோ எடுத்துப் போகிறவர்கள் உண்டு. குச்சியைக் குடுவைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, அதே எண்ணுள்ள இழுப்பறையிலிருந்து ஒரே ஒரு தாள் எடுங்கள். கெட்ட பலன் வந்தால் பதற வேண்டாம். இங்கே நூறில் முப்பது அப்படித்தான். பக்கத்துக் கம்பியில் கட்டிவிட்டு வாருங்கள்.

நகமிசே 250 மீட்டர் நீளந்தான், சுமார் 90 கடைகள். தின்றுகொண்டே நடக்காதீர்கள் என்று கடைக்காரர்கள் கேட்டுக்கொள்வது சும்மா இல்லை: நெரிசலில் உங்கள் கை எண்ணெய் பக்கத்தில் போகிறவரின் வாடகை கிமோனோவில் ஒட்டும். வாங்கிய கடை முன்னாலேயே நின்று தின்று, குச்சியையும் காகிதத்தையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது. பேரம் பேசாதீர்கள். சில்லறை யென் கையில் இருக்கட்டும், அதைக் கடையில் இருக்கும் காசுத் தட்டில் வைத்துக் கொடுங்கள்.

சைவக்காரர்கள் "காய்கறி டெம்புரா" என்ற பெயரை நம்பிவிட வேண்டாம். மாவில் முட்டை இருக்கலாம், தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் வடிநீர் இருக்கும், பொரிக்கும் எண்ணெய் இறாலுக்கும் அதுவே. உள்ளே பயற்றுப் பூரணம் இருக்கும் நிங்யோயாகி என்ற குட்டிக் கேக்கிலும் முட்டை உண்டு. கமினாரி ஒகோஷி ஓரளவு நிம்மதி. நம் பொரி உருண்டையின் தங்கச்சி அது.

பாத்திரக் கடைகள் நிறைந்த கப்பாபாஷி மேற்கே பத்து நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் மூடிய கடைகள்தான். கத்தி வாங்கினால் கடையில் சுற்றித் தரும் உறையைப் பிரிக்காமல் நேரே அறைக்குக் கொண்டுபோங்கள். அலகு 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியைக் காரணமின்றி வெளியே கொண்டு திரிவது ஜப்பானில் குற்றம். விமானத்தில் அதைக் கைப்பையில் விட மாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.