15 ஆண்டு முடிந்த பைக்கை ஆய்வுக்குக் கொண்டுசெல்லும் முன்

பதிவு செய்து 15 ஆண்டுகள் நிறைந்த இருசக்கர வாகனத்திற்கு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வு முடிந்த பிறகே அடுத்த 5 ஆண்டுகளுக்குப் பதிவு புதுப்பிக்கப்படும். மண்டபம், பாம்பன், தொண்டிப் பகுதிகளில் ஓடும் 100 சிசி வண்டிகளில் எஞ்சினைவிட, உப்புக்காற்று அரித்த இரும்பே அதிகத் தொல்லை தருகிறது.

குறிப்பாக, ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள வண்டியின் கழுத்துப் பகுதியில் பொறித்துள்ள சேஸிஸ் எண் (வண்டிச் சட்டத்தின் அடையாள எண்) துருவேறியிருந்தால், ஆய்வுக்காகத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கும்போது இலக்கங்கள் தெளிவாக விழாது. அதற்காக உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் எண்ணைத் திருத்தியது போன்ற ஐயம் எழக்கூடும் என்பதால், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, லேசாகக் கிரீஸ் பூசி வைப்பதே நல்லது. மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலும் போதும்.

சைலன்சரின் அடிப்புறத்தில் ஓட்டை விழுந்திருந்தால் சத்தம் கூடும். புகைச் சோதனையின் அளவும் சரியாக வராது. பின்பிரேக்கை மிதித்தும் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால், பல்பை மாற்றுவதற்கு முன், பெடலுக்கு அருகே சுவிட்சை இழுக்கும் மெல்லிய ஸ்பிரிங் துருப்பிடித்து அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹாரன், இண்டிகேட்டர், டயர் தேய்மானம் ஆகியவற்றையும், காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் உள்ளனவா என்பதையும் வீட்டிலேயே சரிபார்த்துவிடலாம். தனுஷ்கோடிச் சாலையில் சென்று வந்த வண்டியை அன்றே கழுவ வேண்டும். ஆனால் நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் உவர்நீரால் கழுவினால் துரு இன்னும் கூடும்.