ஊதுபத்தியோடு ஹூட்டைச் சுற்றி ஒரு நடை

திண்டுக்கல்லில் எங்கள் கடை மாமனார் ஆரம்பித்தது. பிரியாணி விறகு அடுப்பில். பரோட்டா, சுக்கா, வறுவல் எல்லாம் கேஸில். கேஸ் வரிசைக்கு மேல் எட்டடிக்கு நாலடியில், புகையை இழுத்து வெளியே விடும் ஒரு எக்ஸாஸ்ட் ஹூட், விறகு அடுப்புக்குத் தனியாக ஒன்று. பல வருஷம் நான் கல்லாவை விட்டு எழுந்ததில்லை. ஹூட் என்றால் சத்தம் போடும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை பரோட்டா மாஸ்டர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். “அக்கா, ஓடுது. ஆனா இழுக்கல.” மிளகாய் வதக்கிய கமறல் கல்லா வரைக்கும் வந்து, சாப்பிட உட்கார்ந்தவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். ஃபில்டரைக் கழுவிப் போட்டோம். மறுநாளும் அதே கதை. பழுது பார்க்க வந்தவர் மாடிக்குப் போய், காற்று வெளியேறும் வாயில் கையை வைத்துப் பார்த்தார். காற்று வருகிறது, புகையை இழுத்துத் தள்ளும் புளோயர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் கடைக்கு இது பத்தாது, பெரிதாகப் போட வேண்டும் என்று ஒரு தொகையும் சொன்னார். எங்கள் வயரிங் வேலை பார்க்கும் அண்ணன்தான் புளோயரை நிறுத்தச் சொல்லி, அது சுற்றி அடங்குவதைக் குனிந்து பார்த்தார். புளோயர் கூட்டின்மேல் இருந்த அம்புக்குறி ஒரு பக்கம் காட்டியது, உள்ளே சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. முந்தின ஞாயிறு தெருவில் லைன் வேலை நடந்திருந்தது. மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறிவிட்டன, அப்படி மாறினால் மூன்று ஃபேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். கிரைண்டர், மிக்ஸி எல்லாம் சிங்கிள் ஃபேஸ் என்பதால் வேறெதிலும் தெரியவில்லை. அண்ணன் மெயினை அணைத்து, மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களில் இரண்டை மாற்றிப் போட்டார். பத்து நிமிஷ வேலை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவரில் மாட்டும் சாதாரண ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றினால் காற்றை உள்ளே தள்ளும், உடனே தெரிந்துவிடும். நத்தைக் கூடு மாதிரி இருக்கும் புளோயர் அப்படியில்லை. எப்படிச் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வரும், அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். கையை வைத்துப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். லைன் வேலை, மீட்டர் மாற்றம், ஜெனரேட்டர் இணைப்பு எது நடந்தாலும் முதலில் அம்புக்குறியைப் பாருங்கள்.

அன்றிலிருந்து புகை அடித்தால் நான் அடுப்பங்கரையில் நின்று சண்டை போடுவதில்லை. காற்று உள்ளே வரும் இடத்தில் ஆரம்பித்து, மாடியில் வெளியேறும் இடம் வரை நடப்பேன். கையில் ஊதுபத்தி இருக்கும்.

சோதனை இதுதான். அடுப்பைப் பற்றவைக்கும் முன் புளோயரையும், வெளிக்காற்றை உள்ளே தரும் புதுக்காற்று ஃபேனையும் போட்டு, ஐந்து நிமிஷம் ஓடவிடுங்கள். ஊதுபத்தியை ஹூட்டின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே பிடித்து நாலு மூலைக்கும் மெதுவாக நடங்கள். புகை நூல் மாதிரி வளைந்து உள்ளே போனால் சரி. ஒரு மூலையில் மட்டும் தயங்கினால் அந்தப் பக்கத்து ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் அங்கே எங்கிருந்தோ குறுக்குக் காற்று வருகிறது. எங்கள் கடையில் அந்தக் குறுக்குக் காற்றுக்குக் காரணம், மாஸ்டர் தனக்காக வைத்துக்கொண்ட பெடஸ்டல் ஃபேன். கல்லுக்கு முன்னால் வேகிற மனுஷனிடம் ஃபேனை எடு என்று சொல்ல வாய் வராது. ஆனால் அடுப்பிலிருந்து சூடாக மேலே எழும் புகையை அந்த ஃபேன் பக்கவாட்டில் தட்டிவிடுகிறது; ஹூட் அதைப் பிடிக்கவே முடியாது. கடைசியில் புதுக்காற்றுக் குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்து, அவர் முதுகுப் பக்கம் மேலேயிருந்து மெதுவாக இறங்கும்படி வைத்தோம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. காலையில் கதவைத் திறந்ததும் கேஸ் வாடை அடித்தால், “எக்ஸாஸ்டைப் போட்டு வெளியே தள்ளிடலாம்” என்று ஸ்விட்சைத் தொடாதீர்கள். எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், ஸ்விட்சின் பொறியே போதும். சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும்; ஆறரை அடி உயரத்தில் இருக்கிற ஹூட் அதை இழுக்கப்போவதும் இல்லை. கதவு ஜன்னலைத் திறந்து, சிலிண்டர் வால்வை மூடி, ஆட்களை வெளியே அனுப்புங்கள்.

அப்புறம் புதுக்காற்று. வெளியே எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவு உள்ளே வந்தாக வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். எங்கள் ஹூட் 32 சதுர அடி. சதுர அடிக்கு நிமிஷத்துக்கு 100 கன அடி என்று கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 3,200 கன அடி காற்று வெளியேறுகிறது. அது வர வழியில்லை என்றால் புளோயர் எத்தனை குதிரைசக்தி இருந்தாலும் சும்மா உறுமும். அறிகுறிகள் எளியவை. சாப்பாட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள கதவு இழுபட்டுக்கொண்டே நிற்கும். தரைச் சாக்கடைத் துவாரத்திலிருந்து நாற்றம் மேலே வரும். அடுப்பு ஜுவாலை ஒரு பக்கமாகச் சாயும். சந்தேகம் வந்தால் பின்கதவை அகலத் திறந்து பாருங்கள். உடனே புகை இழுபட்டால் புளோயர் மேல் குற்றமில்லை. வெளியேறும் காற்றில் 80 முதல் 90 சதவீதத்தைப் புதுக்காற்று ஃபேன் தர வேண்டும். மீதி சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வரட்டும், அப்போதுதான் சமையல் நெடி அந்தப் பக்கம் போகாது. அந்த ஃபேனின் வலையில் தூசி கம்பளி மாதிரி படியும். மாதம் ஒருமுறை பிரஷ் போட்டால் போதும்.

இனி ஃபில்டர். கடைகளில் இருக்க வேண்டியது ஸ்டீல் தகடுகள் வரிசையாக மடித்த பாஃபிள் ஃபில்டர். புகை அந்தத் தகடுகளுக்குள் சட்டென்று திரும்ப வேண்டியிருக்கும். காற்று திரும்பிவிடும், எண்ணெய்த் துளி திரும்ப முடியாமல் தகட்டில் மோதி வழிந்து, கீழே உள்ள சிறு வாய்க்காலில் இறங்கிக் கிண்ணத்துக்குப் போகும். இது நடக்க ஃபில்டர் சாய்வாக, 45 டிகிரிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். தகடுகள் மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். எங்கள் கடைக்குப் புதிதாக வந்த தம்பி ஒரு ராத்திரி கழுவிவிட்டு இரண்டு ஃபில்டரைப் படுக்கைவாட்டில் மாட்டிவிட்டான். ஃபில்டர் சதுரம் என்பதால் எப்படி வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் மத்தியானம் பழுப்பாக ஒரு சொட்டு, நேராகக் கல்லின்மேல். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை, வெந்துகொண்டிருந்த பரோட்டாவை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு மேலே பார்த்தார். இப்போது ஒவ்வொரு ஃபில்டரிலும் மேல்பக்கம் எதுவென்று வெட்டுக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

ஃபில்டர் இல்லாமல் ஹூட்டை ஓட்டவே கூடாது. ஒன்றைக் கழற்றி வைத்தால்கூட, காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியாகப் போய், எண்ணெயை அப்படியே டக்டுக்குள், அதாவது ஹூட்டிலிருந்து மாடிக்குப் போகும் புகைக்குழாய்க்குள், கொண்டுபோய்ப் பூசும். அதனால் கழுவுவதற்கென்று மாற்று செட் ஒன்று வாங்கி வையுங்கள். வறுவல் அடுப்புக்கு மேலே உள்ளதை தினமும் ராத்திரி கழுவுகிறோம், மற்றவை வாரம் இரண்டு முறை. கொதிக்கக் கொதிக்க இல்லாமல், கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், அதில் பிசுக்கு எடுக்கும் திரவம், அரை மணி ஊறல். ஊறினால் பாதி வேலை தானே முடிந்துவிடும். நைலான் பிரஷ் போதும். கம்பி நார் போட்டால் அதன் துணுக்குகள் ஸ்டீலில் ஒட்டித் துருப்பிடிக்கும். பாத்ரூம் ஆசிட் கண்டிப்பாகக் கூடாது, ஸ்டீலில் பொடிப்பொடியாகக் குழி விழும்.

காஸ்டிக் சோடா பற்றி ஒரு வார்த்தை. பிசுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதன் பக்கம் போகக் கூடாது. தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின்மேல் தண்ணீர் ஊற்றினால் பொங்கி முகத்தில் அடிக்கும். அலுமினியத்துக்கு அது எமன். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு காலத்தில் அலுமினிய வலை ஃபில்டர் வாங்கியிருந்தேன். காஸ்டிக் தொட்டியில் போட்டதும் புஸ்ஸென்று நுரைத்து, எடுத்தபோது கருத்துப்போய் விரலில் பிய்ந்தது. அந்த நுரையில் வருவது ஹைட்ரஜன், தீப்பற்றும் வாயு. வலை ஃபில்டரே இந்த வேலைக்கு ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது. எண்ணெய் வழியாமல் வலைக்குள்ளேயே தேங்கும், ஜுவாலை மேலே எழும்பினால் அதுவே திரி.

எண்ணெய்க் கிண்ணத்தைக் கடை மூடும்போது தினமும் காலி செய்யுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்து அடைக்கும்.

டக்ட் விஷயத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன். சுத்தம் செய்ய வந்த குழு ஒன்று ஹூட்டின் உள்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்துக் காட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனது. ஒரு வாரம் கழித்து டக்ட் வளைவில் இருக்கும் கதவைத் திறந்து போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே எதையும் தொடவில்லை. விரலை வைத்து இழுத்தால் தேன் மாதிரி கூடவே வந்தது. இப்போது கூலி பேசும்போதே சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு கதவையும் திறந்து, முன்னும் பின்னும் போட்டோ, புளோயர் உள்பக்கமும் சேர்த்து. கதவே இல்லாத டக்ட் என்றால் முதலில் கதவு வைக்கச் சொல்லுங்கள். திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் ஒன்று, நீளமாகப் போகிற இடத்தில் 12 அடிக்கு ஒன்று.

எப்போது சுத்தம் செய்வது? அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 96 என்ற தீப் பாதுகாப்பு விதி ஒரு நல்ல கணக்கு வைத்திருக்கிறது. விறகு, கரி அடுப்பு என்றால் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். நாள் முழுக்க வறுக்கிற, பொரிக்கிற கடைக்கு மூன்று மாதம். சுமாரான சமையலுக்கு ஆறு மாதம். நாள் எதுவானாலும், டக்டுக்குள் பிசுக்கு 2 மில்லிமீட்டரைத் தொட்டால், அதாவது கிட்டத்தட்டப் பத்து ரூபாய் நாணயத்தின் கனம் வந்தால், உடனே எடுத்துவிட வேண்டும். விறகுப் பக்கத்தில் படிவது வேறு ஜாதி: கருப்பாக, பளபளவென்று கீல் மாதிரி இறுகும். விறகு ஈரமாக இருந்தால் இன்னும் வேகமாகச் சேரும். விறகிலிருந்து பொறி பறக்கும், கேஸ் பக்கத்து டக்டில் எண்ணெய் இருக்கும். இரண்டையும் ஒரே குழாயில் சேர்க்கக் கூடாது என்பதன் காரணம் இதுதான். செலவு மிச்சம் என்று யாராவது சேர்த்துவிடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மாடியில் புளோயருக்கு மாதம் ஒரு பார்வை போதும். கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டுதான் யாரையும் உள்ளே கை வைக்க விடுவேன். சக்கரத்தின் இதழ்களில் பிசுக்கு ஒரு பக்கம் கூடுதலாகப் படிந்தால் அது தள்ளாடும். தள்ளாட்டம் பேரிங்கைத் தின்னும். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு இறங்கலாம். தொங்கினால் வழுக்கும், ஸ்டார்ட் பண்ணும்போது கீச்சென்று கத்தும். அதிகமாக இறுக்கினால் பேரிங் சூடாகும். இரட்டை பெல்ட்டில் ஒன்று அறுந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், புதிது மட்டும் சுமை தூக்கிச் சீக்கிரம் போய்விடும். இரண்டு புல்லியும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலே தெரியும்.

“புல்லியை மாத்தி வேகத்தைக் கூட்டிடலாம்” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். வேகம் 10 சதவீதம் கூடினால் மோட்டார் இழுக்கும் கரண்ட் செலவு 33 சதவீதம் கூடும், மோட்டார் புகைந்துவிடலாம். இதே கணக்கு குறைக்கும்போது நமக்குச் சாதகம். எங்கள் 2 குதிரைசக்தி மோட்டார் முழு வேகத்தில் 14 மணி நேரம் ஓடினால் சுமார் 20 யூனிட். வேகம் குறைக்கும் டிரைவ் ஒன்று போட்டு, மூன்றிலிருந்து ஆறு மணி வரை, ஒரு அடுப்பு மட்டும் எரியும் நேரத்தில், 80 சதவீதத்தில் ஓட்டுகிறோம். அந்த நேரத்துச் செலவு பாதிதான். ராத்திரி அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும், கல்லின் சூடு ஆறும்வரை.

சட்டியில் எண்ணெய் தீப்பிடித்தால் கேஸை மூடு, மூடியைப் போடு, தண்ணீர் கூடாது. எங்கள் தம்பிகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். எண்ணெய்த் தீக்கான வெட் கெமிக்கல் அணைப்பான் சமையலறை வாசலில் தொங்குகிறது. அடுப்புக்குப் பின்னால் தொங்கினால் எடுக்க முடியாது. தீ ஹூட்டுக்குள் ஏறிவிட்டால் ஆட்களை வெளியேற்றி 101-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

கடைசியாக வெளியேறும் வாய். மாடித் தளத்திலிருந்து குறைந்தது 40 அங்குலம் உயரத்தில், புதுக்காற்று எடுக்கும் இடத்திலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். எங்களுடையது முதலில் ஐந்தடி தூரத்தில் இருந்தது. நாங்கள் விட்ட புகையை நாங்களே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தோம், மீதி பக்கத்து மாடிக்குப் போனது. அந்த வீட்டு அம்மா மாசியில் வடகம் காயவைத்தால் சுக்கா வாசனை அடிக்கிறது என்று கல்லாவில் வந்து சொல்லிவிட்டுப் போனார். வாயை மேலே நீட்டி, தெருப்பக்கம் திருப்பிய பிறகு இந்த மாசியில் ஒரு தூக்கு வடகம் கொடுத்தனுப்பினார். பொரித்துப் பார்த்தோம், வெறும் வடக வாசனைதான்.